வாழ்க்கையை எழுதக் கற்பித்த ஆசிரியர்கள்

துன்பத்தை எழுதினால் மனப்பாரம் குறையும் என்னும் எண்ணம் இன்று உலகெங்கும் ஒரு பயிற்சி முறையாகவே வளர்ந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு பேரை வட்டமாக அமர்த்திக் குறித்த நேரத்துக்கு எழுதச் செய்து, விரும்பியோரை வாசிக்கவும் கேட்டோரைப் பேசவும் விடுவது அதன் பொது அமைப்பு. வைத்தியசாலைகளிலும் சிறைச்சாலைகளிலும் போரினால் இடம்பெயர்ந்தோர் நடுவிலும் இத்தகைய வகுப்புகள் நடைபெறுகின்றன. இவற்றை நடத்துவோரிற் பலர் இம்முறையின் பிறப்பிடம் அமெரிக்க உளவியலாளரின் ஆய்வுகூடமே என நம்புகின்றனர். ஆனால் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, சம்பளங்கூட ஒழுங்காகக் கிடைக்காத வாத்திமார் சிலர், யப்பானின் வடகிழக்குக் கிராமங்களில், பசித்த வயிற்றுடன் வந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதனைச் செய்தனர். செய்தமைக்காகச் சிறையும் சென்றனர். ஆசிரியராயும் மாணவராயுமுள்ள நாம் அறியவேண்டிய வரலாறு அது.

யப்பானிய ஆரம்பப் பாடசாலைகளில் கட்டுரை எழுதுதல் நெடுங்காலம் மாதிரிகளைப் பார்த்தெழுதும் வேலையாகவே இருந்தது. கடிதம், வாழ்த்து, பருவவர்ணனை ஆகியவற்றுக்கு அச்சுவார்ப்புகள் இருந்தன. பிள்ளை அவற்றை மனனஞ் செய்து ஒப்பித்தது. (ஒரு குடையின் சுயசரிதையையும் ஒரு நாணயத்தின் சுயசரிதையையும் ஆண்டுதோறும் எழுதுவித்துத் திருத்தும் நமக்கு இது புதினமாகத் தோன்றாது. குடைக்குச் சுயசரிதை எழுதத் தெரிந்த பிள்ளை தன் சுயசரிதையை எழுதியதுண்டா என நாம் கேட்பதில்லை.) இந்நிலையை முதலில் அசைத்தவருள் ஒருவர் நாவலாசிரியர் நற்சுமே சோசெக்கியின் மாணவரான சுசுக்கி மியெக்கிச்சி. 1918-இல் அவர் தொடங்கிய 'செம்பறவை' என்னும் சிறுவர் சஞ்சிகை, பிள்ளைகள் தாம் கண்டதைத் தம் சொந்த மொழியில் எழுதவேண்டுமென வற்புறுத்தி, நாடெங்குமிருந்து வந்த கட்டுரைகளைத் தேர்ந்து வெளியிட்டது. அது பெருஞ்சாதனையே. ஆயினும் செம்பறவை விரும்பியது குழந்தையுள்ளத்தின் தூய்மையை. நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தார் காண விரும்பிய குழந்தையை. பனியில் விறகு சுமக்கும் குழந்தைக்கு அக்கூட்டில் இடம் போதாதிருந்தது.

1929-இன் உலகப் பொருளாதார நெருக்கடி பட்டுநூலின் விலையை வீழ்த்தியது. பட்டுப்பூச்சி வளர்ப்பை நம்பியிருந்த கமக்காரக் குடும்பங்கள் கடனில் மூழ்கின. 1931-இலும் 1934-இலும் வடகிழக்கில் கோடை குளிர்ந்து நெல் பொய்த்தது. பெற்றோர் தம் பெண்மக்களை விலைபேசிய செய்திகள் பத்திரிகைகளில் வந்தன. மதிய உணவின்றிப் பாடசாலை வரும் பிள்ளைகளைக் குறிக்க ஒரு தனிச்சொல்லே வழக்கில் வந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். இப்பிள்ளைகளுக்கு முன்னால் நின்ற இளம் ஆசிரியரே வாழ்க்கைக் கட்டுரை இயக்கத்தின் கர்த்தாக்கள். 1929-இல் 'கட்டுரையும் வாழ்க்கையும்' எனப் பொருள்படத்தக்க ஒரு சஞ்சிகை தோக்கியோவில் தோன்றியது. அதனைப் பல்லாண்டு கட்டிக்காத்தவர் சசாவோக்கா தடாயோஷி. 1930-இல் அக்கித்தா மாவட்டத்தில் நரித்தா தடாகிசா முதலானோர் 'வடபுலக் கல்வி' என்னும் ஏட்டை வெளியிட்டனர். 1934-இல் வடகிழக்கு மாவட்டங்களின் ஆசிரியர் ஒரு சங்கமாக இணைந்தனர்.

இவர்களது முறையைச் சற்று விரிவாக நோக்குவோம். பிள்ளை எழுதுவது தன் வீட்டையும் வேலையையும் பற்றி. ஆசிரியர் சொல்லழகைத் தேடுவதில்லை. 'அம்மா பாவம்' என்று எழுதிய பிள்ளையிடம், அம்மா எத்தனை மணிக்கு எழுந்தாள், என்ன சுமந்தாள், அப்போது அவளுடைய கை எப்படி இருந்தது எனக் கேட்பார். 'உழைப்பு இனிது' என்றோ 'கிராமம் அமைதியானது' என்றோ பிள்ளை எழுதினால், அந்த வாக்கியம் யாருடையது, நீ கண்டதா அல்லது புத்தகத்தில் படித்ததா எனக் கேட்பார். இரவல் கருத்துகளை இவ்வாறு தட்டிப் பார்ப்பதற்கு அவ்வாசிரியரிடையே 'கருத்துடைப்பு' என ஒரு பெயரே வழங்கியது. அதன்பின் ஆசிரியர் இரவில் விழித்திருந்து மெழுகுத்தாளிற் கீறி, கையாலியங்கும் அச்சுப்பொறியில் பிரதிகள் எடுப்பார். நம் பாடசாலைகளில் றோணியோ அடித்தல் எனச் சொல்லிவந்தோமே, அதன் எளிய வடிவம் அது. மறுநாள் வகுப்பு முழுவதும் ஒரு பிள்ளையின் கட்டுரையை வாசிக்கும். எழுதியவன் சொல்லாமல் விட்டது யாது, எங்கள் வீட்டிலும் இவ்வாறு உண்டா, ஏன் இவ்வாறு நிகழ்கிறது எனப் பேசும். இங்கு எழுத்து வகுப்பினது பொதுச்சொத்தாகிறது. தனக்கு மட்டுமே நேர்ந்த அவமானம் என ஒளித்து வைத்திருந்த ஒன்று பக்கத்து வாங்கில் இருப்பவனுக்கும் நேர்ந்தது என அறியும் பிள்ளைக்கு ஏற்படும் ஆறுதலை அவ்வாசிரியர் நன்கு அறிந்திருந்தனர். ஆனால் ஆறுதலோடு நிற்க அவர் ஒப்பவில்லை.

இம்முறையில் ஆபத்தில்லை என எவரும் எண்ணவேண்டாம். தோக்கியோவின் வறிய புறநகரொன்றில் தகரவேலை செய்தவரின் மகளான தொயோடா மசாக்கோ என்னும் சிறுமியின் கட்டுரைகள் செம்பறவையில் வெளிவந்து, 1937-இல் 'கட்டுரை வகுப்பறை' என்னும் நூலாகிப் பெரும் புகழ் பெற்றன. மறு ஆண்டே அது திரைப்படமாயிற்று. அச்சிறுமி தான் கேட்டதைக் கேட்டபடி எழுதினாள். அயலவள் ஒருத்தி ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொன்ன வார்த்தையையும் அப்படியே எழுதினாள். அது அச்சேறியபோது, அப்பெரியவரின் தயவில் வேலை பெற்றுவந்த தகப்பனார் நெருக்கடிக்குள்ளானார். உள்ளதை உள்ளபடி எழுது என்பது ஆசிரியரின் கட்டளை. அதன் விலையைக் கொடுத்தது பிள்ளையின் வீடு. நூலின் உரிமைப்பணமும் அவ்வீட்டுக்குச் சென்றிலது. இந்த வரலாற்றில் நமக்கு மிக உறுத்துவது இந்த இடமே. பிறர் துயரை எழுதுவிப்போர், அத்துயர் யாருக்குப் பயன்படப்போகிறது என்னும் கேள்வியை முதலில் தம்மிடமே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டவர்.

அரசு கேள்வியை வேறுவிதமாகக் கேட்டது. 1940 பெப்ருவரியில் யமகத்தா மாவட்டத்தில் முராயமா தொஷித்தாரோ என்னும் ஆசிரியர் கைதானார். தொடர்ந்து வடகிழக்கிலும் ஹொக்கைடோ தீவிலும் கட்டுரையாசிரியர் அலையலையாகப் பிடிக்கப்பட்டனர். ஹொக்கைடோவில் மட்டும் ஐம்பதளவினர். 1925-ஆம் ஆண்டின் அமைதிகாப்புச் சட்டமே கருவி. பிள்ளைகளை வறுமையை உள்ளபடி எழுதச் செய்வது அவர்களிடத்து வர்க்க உணர்வை விதைக்கும் சூழ்ச்சி என்பதே குற்றச்சாட்டின் சாரம். இவ்வாசிரியரிற் பலர் எந்தக் கட்சியிலும் சேர்ந்தவரல்லர். ஆனாலும் ஒரு பிள்ளை தன் வீட்டுக் கணக்கை எழுதத் தொடங்கினால் அக்கணக்கு வீட்டோடு நில்லாது என்பதை, கல்வியாளர் பலரைவிடப் பொலிசார் கூர்மையாக உணர்ந்திருந்தனர் எனவே தோன்றுகின்றது. பிள்ளைகளின் கொப்பிகளும் றோணியோத் தொகுப்புகளும் சாட்சியப் பொருள்களாயின. முராயமா போர் முடிந்தபின் 1948-இல் நோயுற்று மாண்டார்.

போரின் பின் அதே யமகத்தா மாவட்டத்திலிருந்தே அக்குரல் மீண்டும் எழுந்தது. 1948-இல் முச்சாக்கு செய்க்கியோ என்னும் இருபத்தொரு வயது இளைஞர், பௌத்த விகாரையொன்றின் குடும்பத்திற் பிறந்தவர், ஆசிரிய கலாசாலையை முடித்துக்கொண்டு யமமொத்தோ என்னும் மலைக்கிராமத்தின் இடைநிலைப் பாடசாலைக்கு வந்துசேர்ந்தார். அவர் வகுப்பில் நாற்பத்துமூன்று பிள்ளைகள். புகையிலைச் செய்கையும் கரி சுடுதலும் பட்டுப்பூச்சி வளர்ப்பும் ஊராரின் சீவனோபாயம். பிள்ளைகள் வேலைக்குச் செல்வதால் வகுப்பில் வரவு குன்றியிருந்தது. புதிதாகப் புகுத்தப்பட்ட சமூகக் கல்விப் பாடநூலோ, கிராமங்களில் ஒன்பதாண்டுக் கட்டாயக் கல்விக்கு ஏற்ற நல்ல பாடசாலைகள் இருப்பதாகக் கூறிற்று. அதனை வாசித்த வகுப்பறை கூரை வேய்ந்த இருண்ட கட்டடம். கிழிந்த காகிதச் சன்னல்களூடே பனி உள்ளே வீசும். சுவரில் ஒரு தேசப்படங்கூட இல்லை. பாடநூல் பொய் சொல்கிறது என்று பிரசங்கஞ் செய்வது எளிது. முச்சாக்கு அதனைச் செய்யவில்லை. பாடநூலையும் பாடசாலையையும் அருகருகே வைத்து, வேறுபாட்டை எழுதுமாறு பிள்ளைகளிடம் கூறினார். கட்டுரை அங்கே மொழிப்பாடமாக இருக்கவில்லை. சமூகக் கல்வியின் ஆயுதமாக இருந்தது.

'புகைவண்டி எஞ்சின்' எனத் தம் றோணியோத் தொகுப்புக்குப் பெயரிட்ட அப்பிள்ளைகள் எழுதியவற்றில் எண்கள் நிறைய வருகின்றன. பாடநூலின் விலை என்ன, ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப எவ்வளவு பணம் வேண்டும், புகையிலைக்குக் கிடைப்பது எவ்வளவு, அதற்காகச் செலவிட்ட நாள்கள் எத்தனை எனக் கூட்டாக விசாரித்துக் கணக்கிட்டனர். அவற்றுள்ளே மிகப் பெயர்பெற்றது எகுச்சி கோயிச்சி என்னும் மாணவன் எழுதிய 'தாயின் மரணமும் அதற்குப் பின்னும்' என்னும் கட்டுரை. சிறுவயதிலேயே தந்தையை இழந்தவன். 1949-இன் குளிர்காலத் தொடக்கத்தில் தாயையும் இழந்தான். எஞ்சியிருந்தவை முதிய பாட்டியும், உறவினரிடம் பிரித்துக் கொடுக்கப்படவிருந்த தம்பி தங்கையரும், முக்கால் ஏக்கர் அளவான மேட்டுநிலமும், நம்மவர் பிச்சைச் சம்பளம் எனச் சொல்லிவந்த வகையான அரச உதவிப்பணமும் ஆகும். அவன் தாயின் மரணத்தை எழுதினான். உடனே வீட்டின் வரவு செலவையும் எழுதினான். அவள் வாழ்நாள் முழுவதும் உழைத்தாள். உழைத்தும் கடன் தீரவில்லை. அப்படியானால் தானும் அவளைப்போல் உழைத்தால் தீருமா? இக்கேள்வியை அவன் கண்ணீரால் மறைக்கவில்லை, கணக்குப் போட்டுப் பார்க்கிறான். துக்கமும் கணக்கும் ஒரே பக்கத்தில் நிற்கும் அவ்வெழுத்தின் வலிமையை எடுத்துரைப்பது கடினம்.

ஆனால் எழுதியதோடு அவ்விடயம் முடியவில்லை என்பதே இங்கு முக்கியம். வேலை மிகுதியால் அவன் பள்ளிக்கு வர இயலாதிருந்தான். ஆசிரியர் அவன் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலை எழுதி வரச் சொல்லி, அதனை வகுப்பின் மற்றொரு மாணவனாகிய சத்தோ தோசபுரோவிடம் காட்டி, ஏதாவது செய்ய முடியுமா எனக் கேட்டார். முடியும் என்றான் அவன். விறகு சுமத்தலும் பனிக்கு முன் வீட்டைச் சுற்றி அடைப்புக் கட்டுதலும் வகுப்பின் வேலையாயின. எகுச்சி மீண்டும் வகுப்பில் அமர்ந்தான். இதனை உளநலச் சிகிச்சை என அழைக்க முச்சாக்கு எண்ணியிருக்கமாட்டார். நாம் அழைப்பதானால், அதில் மருந்தாக அமைந்தது எழுதுகோல் மட்டுமா, விறகுக்கட்டும் அதிற் சேராதா எனக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அக்கட்டுரை 1950-இல் நாடளாவிய போட்டியில் கல்வி மந்திரியின் பரிசைப் பெற்றது. 1951 மார்ச்சில், அப்பிள்ளைகள் பாடசாலையை விட்டு நீங்கும் வேளையில், அவர்களது எழுத்துகள் 'எதிரொலிப் பள்ளி' என்னும் நூலாக வெளிவந்தன. விற்பனை பெருகிற்று, 1952-இல் இமாய் தடாஷி அதனைத் திரைப்படமாக்கினார். தலைநகரின் அறிஞர் யமமொத்தோவைக் காணப் புறப்பட்டனர். ஊராரோ வேறுவிதமாக எண்ணினர். எங்கள் வறுமையை ஊருலகுக்குப் பறையறைந்துவிட்டாரே என்னும் கசப்பு வளர்ந்தது. 1954-இல் முச்சாக்கு அக்கிராமத்தை விட்டுத் தோக்கியோ சென்றார். பின்னர் அங்கே ஒரு தனியார் பாடசாலையில் ஆசிரியரானார். ஊராரின் கோபத்தைப் பிற்போக்கு என ஒதுக்குவார் உளர். நாம் அவ்வாறு ஒதுக்கத் துணியோம். றோணியோத் தாளிலிருந்த கட்டுரையை வாசித்தவர் அந்தக் கட்டுரைக்குப் பதில் சொல்லக்கூடியவர், விறகு சுமக்கக்கூடியவர். அச்சுப் புத்தகத்தை வாசித்தவரோ கண்ணீர் விட்டு மூடிவைக்கக்கூடியவர். வாசகர் மாறும்போது எழுத்தின் தொழிலும் மாறுகிறது. தகரவேலைக்காரரின் மகளுக்கு நேர்ந்ததும் இதுவே.

அதே 1951-இல் ஹிரோஷிமாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒசாடா அராத்தா, அணுகுண்டில் உயிர்தப்பிய பிள்ளைகளும் இளைஞரும் எழுதிய நூற்றைந்து கட்டுரைகளைத் தொகுத்து 'அணுகுண்டின் பிள்ளைகள்' என வெளியிட்டார். அவரும் குண்டினால் பாதிக்கப்பட்டவரே. அந்நூலைப் பற்றித் தனியே எழுதவேண்டும். இங்கு ஒன்றை மட்டும் குறிப்போம். ஆறாண்டுகள் பேசாதிருந்த ஒன்றை எழுதுவது அப்பிள்ளைகளுக்கு இலகுவான காரியமன்று. எழுதுதல் புண்ணை ஆற்றுமுன் புண்ணைத் திறக்கின்றது.

இதனைப் பிற்கால ஆய்வுகளும் காட்டின. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சான்ட்ரா பீலும் நாற்பத்தாறு பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவு 1986-இல் வெளிவந்தது. நாளுக்குப் பதினைந்து நிமிடமாக நான்கு நாள் எழுதவேண்டும். சிலர் அற்ப விடயங்களை எழுதினர். ஏனையோர் தம் வாழ்வின் கொடுந்துயரை எழுதினர். அவர்களிலும் ஒரு பகுதியார் உணர்ச்சியை மட்டும், ஒரு பகுதியார் நிகழ்ச்சியை மட்டும், ஒரு பகுதியார் இரண்டையும் சேர்த்து எழுதினர். எழுதிய உடனே துயரை எழுதியோரின் மனநிலை மோசமாயிற்று. ஆயினும் அடுத்த ஆறு மாதத்தில், இரண்டையும் சேர்த்து எழுதியோர் வைத்தியரை நாடிய தடவைகள் குறைந்திருந்தன. பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட பரிசோதனைகள் நடந்தன. 2006-இல் 146 ஆய்வுகளைத் திரட்டி நோக்கிய ஒரு மதிப்பீடு பயன் உண்டு, ஆனால் சிறிது என்றே கண்டது.

அழுகையை மட்டும் எழுதியோருக்கும் சம்பவத்தை மட்டும் எழுதியோருக்கும் கிட்டாத பயன் இரண்டையும் எழுதியோருக்குக் கிட்டியது என்பது நம் கவனத்துக்குரியது. 'அம்மா பாவம்' என்று எழுதிய பிள்ளையிடம் அம்மாவின் கையைப் பற்றிக் கேட்ட ஆசிரியர், ஆய்வுகூடமின்றியே அவ்விடத்தை அடைந்திருந்தார். வேற்றுமையும் பெரிது. டல்லஸ் மாணவர் தனியறையில் எழுதினர். அவர் பெயர் மறைக்கப்பட்டது. சகமாணவர் எவரும் அதனை வாசிக்கவில்லை. அங்கே துயரம் எழுதுபவனின் உள்ளே மட்டும் உள்ளது. கடனுக்கும் வேலையின்மைக்கும் இடம்பெயர்வுக்கும் ஆளானோரை வட்டமாக இருத்தி, உள்ளத்தை மட்டும் எழுதுங்கள் என்று கூறும் இற்றைநாட் பயிற்சியாளரிடத்து நமக்குள்ள ஐயம் இதுபற்றியதே. அதேவேளை, தனியறைக்கு ஒரு நன்மை உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை: அங்கே எவரும் எவரையும் அம்பலப்படுத்துவதில்லை.

இவ்விரண்டுக்குமிடையே ஒரு வழியைக் கண்டவர், நாம் அறிந்தமட்டில், யொக்கைச்சி நகரத்துத் துணியாலைப் பெண்கள். வறிய கமக்காரக் குடும்பங்களிலிருந்து பதினைந்து பதினாறு வயதில் வந்து ஆலை விடுதியில் தங்கியிருந்தவர்கள். எதிரொலிப் பள்ளியை வாசித்து, தாமும் எழுதலாம் என எண்ணத் தொடங்கினர். அவ்வாலைத் தொழிற்சங்கத்தைச் சேர்ந்த சவாய் யொஷிரோ அவர்களை ஒரு வட்டமாகக் கூட்டினார். முதலில் 'என் வீடு' என்பதுபற்றி எழுதினர். வீட்டின் வறுமையை எழுதுவது பெற்றோரைக் காட்டிக்கொடுப்பதாகாதா என்னும் கலக்கம் அவர்களுக்குள்ளேயே எழுந்தது. பின்னர் தாயைப் பற்றி எழுதினர். அதன்பின் தாயின் வரலாற்றை எழுதினர். தாயின் வரலாற்றை எழுதுவதற்குத் தாயிடம் கேட்கவேண்டும். விடுமுறையில் வீடு சென்ற மகள் தாயருகே இருந்து அவள் இளமையைக் கேட்கிறாள். தாய் அறியாது தாயை எழுதும் நிலை மாறி, தாயே அவ்வெழுத்தில் ஒரு பங்காளியாகிறாள். ஒவ்வொருத்தியின் தாயும் தனித்தனியே பொறுத்துக்கொண்டவை யாவும் ஒன்றாக வைத்து வாசிக்கப்பட்டபோது, அது ஒரு தலைமுறையின் வரலாறாயிற்று. 1954-இல் நாடகாசிரியர் கினோஷித்தா ஜுன்ஜியும் சமூகவியலாளர் சுருமி கசுக்கோவும் அதனைத் 'தாயின் வரலாறு' என நூலாக்கினர்.

சுருமி உயர்குடியிற் பிறந்து அமெரிக்காவிற் கற்றவர். 1952-இல் நக்கத்சுகவா நகரில் நடந்த கட்டுரையாசிரியர் மாநாட்டுக்குச் சென்று அங்கு இவ்வியக்கத்தால் ஆட்கொள்ளப்பட்டார். தோக்கியோவில் இல்லத்தரசிகளின் எழுத்து வட்டமொன்றையும் நடத்தினார். அவர்களது தொகுப்பு 'எழுதுகோல் பிடித்த இல்லத்தரசிகள்' என 1954-இலேயே வெளிவந்தது. வட்டத்தை நடத்துபவர் மற்றவரை எழுதச்செய்துவிட்டுத் தாம் வெளியே நின்று ஆராய்தல் தகாது. தம்மையும் அந்த வட்டத்துள் வைத்துத் தம் வாழ்வையும் எழுதவேண்டும் என்பது அவர் வற்புறுத்திய விதி. அறிஞருக்கு இது கசப்பான விதி. அவரே அதனைக் கடைப்பிடிக்கப் பெரிதும் இடர்ப்பட்டார்.

1950-களின் பிற்பகுதியில் நிலைமை மாறிற்று. கமத்தொழிலை விட்டு நகர் நோக்கிச் சென்றோர் பெருகினர். பாடசாலையிற் பரீட்சையின் பிடி இறுகிற்று. 1950-இல் அமைந்த யப்பானியக் கட்டுரைச் சங்கம் 1962-இல் தன் கொள்கையை மாற்றி, கட்டுரையை மொழிப்பாடத்தின் ஒழுங்கான ஓர் அங்கமாகக் கற்பிப்பதில் கவனஞ் செலுத்தத் தொடங்கியது. எகுச்சி கோயிச்சி தன் ஊரிலேயே வனத்தொழிற் சங்கத்தில் வேலைசெய்து, 1967-இல், முப்பது வயதைச் சற்றே தாண்டிய நிலையில் இறந்தான். வகுப்பின் நாற்பத்துமூன்று பேரும் பின்னாளில் என்னவாயினர் என்பதை எழுத்தாளர் சனோ ஷின்னிச்சி தேடிச்சென்று 1992-இல் ஒரு நூலாக எழுதினார். விறகு சுமக்க முடியும் என்று கூறிய சத்தோ தோசபுரோ கமக்காரனாகவே அம்மலையில் தங்கினார். 1960-இல் 'எனக்கு இருபத்தைந்து வயதாயிற்று' என்னும் நூலை வெளியிட்டார்.